தாழனூர் மதகுக்கு ஆய்வு தேவையில்லை

1

இந்தக் கதை ஒரு டிக் குறியில் பிறந்தது. அதைப் போட்டவன் நான். மற்ற எழுத்தாளர்கள் ரயிலில் யாரோ சொன்ன கதை என்பார்கள், மழை நாளில் மனதில் விழுந்தது என்பார்கள். எனக்கு விழுந்த இடம் அலுவலகக் கணினி, மூன்றாம் பக்கம், ஏழாவது கேள்வி.

என் பெயர் வாஞ்சிநாதன். தஞ்சாவூரில், ஆறு, வாய்க்கால், மதகு இவற்றைக் கவனிக்கும் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று தேடாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது, கதைக்காக நானே கட்டினேன். இதில் வரும் சுற்றறிக்கையும் விண்ணப்பமும் தாழனூர் என்னும் ஊரும் நான் கட்டியவைதான். சுற்றறிக்கைக்கு எண் போட ஆசையாக இருந்தது. போட்டால் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு மனுப் போடுவார்கள், அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிவருவது பெரும்பாலும் ஒரே வாக்கியம். "இப்பணியால் சுற்றுச்சூழலுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை, எனவே ஆய்விலிருந்து விலக்கு அளிக்கலாம்." மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இதுவரை இரண்டு அச்சில் வந்திருக்கின்றன. இரண்டையும் என் மனைவி பர்வதம் படித்தாள். "யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் கிழிக்க மனம் வரவில்லை.

முதலாவது: "காவிரி அன்னை தன் ஆயிரம் விரல்களால் சோழ மண்டலத்தை வருடிக்கொடுக்கும் அந்த வைகறையில்—"

(நிறுத்திவிட்டேன். வைகறையில் நான் எழுந்ததே இல்லை. தாத்தா காலத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது என்பார்கள். எனக்கு இருப்பது இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே இடம் என் குளியலறை. அங்கேயும் அது கதவுப் பக்கம்தான் ஓடுகிறது.)

இரண்டாவது: "பார்வையில் காணும் பொருள் தொடர்பாக, வேம்பு என்னும் பெண்மணி திங்கட்கிழமை முற்பகல் 11.20 மணியளவில் இவ்வலுவலகத்திற்கு நேரில் வருகை தந்து—"

(இது கதை இல்லை, கோப்பு. இருபத்திரண்டு வருடப் பழக்கம், பேனாவைத் தொட்டாலே பணிந்து சமர்ப்பித்துவிடுகிறது.)

மூன்றாவது: "வேம்பு அழுதாள்."

சின்ன வாக்கியம், கனமான வாக்கியம் என்று நினைத்து ஒரு காப்பி குடித்துக் கொண்டாடினேன். கொண்டாடிய பிறகுதான் ஞாபகம் வந்தது, வேம்பு அழவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். "சக்கரை அள்ளிப் போட்டுட்டாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கதைக்குத் தொடக்கம் இல்லை. நேராக விஷயத்துக்குப் போகிறோம்.

3

கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம், ஆனால் அங்கே போய்ப் புரியவில்லை என்று சொல்லக் கூடாது.

அரசாங்கம் எதைச் செய்தாலும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். என் கதையில் உள்ள அரசாங்கத்தில் அதற்கு ஓர் ஆய்வு உண்டு. நாற்பத்தொரு கேள்விகள், ஒன்றரை வருடம். வலசை வரும் பறவைகள் உண்டா, அவை எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும் என்றெல்லாம் கேட்பார்கள்.

இதை எல்லாவற்றுக்கும் செய்ய முடியுமா? அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க, பெயர்ப்பலகை மாட்ட, உடைந்த குழாயை மாற்ற, அடிபம்புக்குக் கைப்பிடி போட எல்லாம் ஒன்றரை வருடம் காத்திருந்தால் ஊர் நாறிப்போகும். அதனால் பாதிப்புக் குறைந்த வேலைகளுக்கு விலக்கு. நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. விலக்கு நல்ல ஏற்பாடு. அடிபம்புக் கைப்பிடிக்கு நானே ஒரே காலையில் பதினெட்டு விலக்கு எழுதி, பதினெட்டு ஊரில் தண்ணீர் வந்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

விலக்குச் சுற்றறிக்கையின் பட்டியலில் ஒரு வரி: "ஏற்கெனவே உள்ள கட்டுமானத்தை, உள்ள இடத்திலேயே, உள்ளவாறே திரும்பக் கட்டுதல்." பழையது இருந்தது, அதனால் கெடுதல் இல்லை, அதையே திரும்பக் கட்டினாலும் கெடுதல் இல்லை. அழகான நியாயம். ஒரே ஒரு நிபந்தனை, "உள்ளவாறு" எப்படி இருந்தது என்று யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

4

கூத்தாநல்லூரிலிருந்து தெற்கே போனால் மேலத்தாழனூர், ஒரு தார்ச்சாலை, சாலைக்குக் கிழக்கே கீழத்தாழனூர். இரண்டு ஊருக்கும் நடுவே சாலைக்கு அடியில் ஒரு மதகு. ஒரு நீரோட்டம் மேற்கிலிருந்து வந்து அந்த மதகு வழியாகக் கிழக்கே போகிறது. மதகு போன மழையில் பாதி இடிந்து விழுந்தது. திரும்பக் கட்ட வேண்டும். விலக்குக்குப் பொருத்தமான வேலை.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி: நீரோட்டத்தின் வகை. வாய்க்கால், வடிகால். இரண்டில் ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணைந்துவிடும்.

வாய்க்கால் என்றால் பாசனத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது. அதற்கு மதகின் அடியை உயர்த்திக் கட்டி, பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்குவார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்தால் அதற்கு முறைத் தண்ணீர், அதாவது ஊர்வாரியாக முறை வைத்து விடும் பாசனத் தண்ணீர், உண்டு. வடிகால் என்றால் வயலில் மிஞ்சிய தண்ணீரை வெளியே கொண்டுபோவது. அதற்கு அடி தாழ்வாக இருக்க வேண்டும், பலகை கூடாது, முறைத் தண்ணீரும் கிடையாது.

தாழனூர் நீரோட்டம் மேலூருக்கு வடிகால், கீழூருக்கு வாய்க்கால். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இது சர்வசாதாரணம். மேலே மிஞ்சியது கீழே பாயும். எவன் கட்டினானோ, பழைய மதகைத் தாழ்வாகவே கட்டியிருந்தான். மழையில் மேலூர் வடிந்தது, முறையில் கீழூர் பாய்ந்தது. கீழூரைப் பாசனப் பட்டியலிலும் வைத்திருந்தார்கள். இரண்டு ஊரும் ஒரே மதகில் ஐம்பது வருடம் பிழைத்திருக்கின்றன.

எங்கள் கணினியில் "பழைய பதிவை நகலெடு" என்று ஒரு பொத்தான் உண்டு. அலுவலகமே அந்தப் பொத்தானின் மேல்தான் நிற்கிறது. போன வருடம் பூதலூர்ப் பக்கத்து மதகு ஒன்றுக்கு எழுதிய விலக்கை நகலெடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, கையெழுத்துப் போட்டேன். பூதலூரில் அது வாய்க்கால்தான், சந்தேகமே இல்லை. அந்த டிக்கும் நகலோடு சேர்ந்து வந்தது.

(முதல் பகுதியில், டிக் போட்டவன் நான் என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் தற்பெருமை. நான் அதைப் போடவில்லை, எடுக்காமல் விட்டேன். ஆனால் அப்படி எழுதினால் கதாநாயகனுக்கு மரியாதை இருக்காது.)

டிக்கின்படி உதவிப் பொறியாளர் பரிதி வரைபடம் போட்டார். இருபத்தாறு வயது, கெட்டிக்காரப் பிள்ளை. வாய்க்கால் என்று இருந்ததால் வாய்க்காலுக்கான மாதிரிப் படம். புது மதகின் அடி பழையதைவிட ஒரு அடி உயரம். கேட்டேன், இடத்தைப் பார்க்கவில்லையா என்று.

"பாத்தேன் சார். ஏப்ரல் மாசம் போனேன். தண்ணியே இல்ல. தண்ணி இல்லாதப்ப எல்லாமே சமமாத்தான் சார் தெரியுது."

5

இனி வேம்பு.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கண்ணாடிபோல் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபைச் சுருட்டிப் போட்டிருந்தார். கையில் எங்கள் விலக்குக் குறிப்பின் நகல். வேலை நடக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரரிடம் இருந்ததை வாங்கியிருக்கிறார்.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன விஷயம்?"

"இந்தப் பேப்பர எழுதுனது யாரு சார்?"

இப்படிக் கேட்டால் அரசு ஊழியன் சொல்ல வேண்டிய பதில் "செக்‌ஷன்ல எழுதுனது" என்பது. அதைத்தான் சொன்னேன்.

"இது எங்க ஊருப் பேப்பர் இல்ல சார். பூதலூர்ப் பேப்பரு. இங்க பாருங்க, 'பணியிடம் பூதலூர் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்'னு இருக்கு. எங்க ஊருலேருந்து பூதலூருக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும்."

மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. நான்கு, என்னையும் சேர்த்தால். இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று வியந்தேன். வேம்பு மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். நகலைப் பார்த்தாலே மூலம் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பதினான்கு வருடத்தில் சேர்த்ததைக் கொண்டு மேலத்தாழனூரில் ஆறு மா நிலம் வாங்கியிருக்கிறார். இரண்டு ஏக்கர். பள்ளக்கால், அதாவது ஊரிலேயே தாழ்ந்த நிலம், அதனால்தான் கையில் இருந்ததற்குக் கிடைத்தது. அவர் அம்மா அமிர்தம் சாகும்வரை அடுத்தவர் வயலில் நட்டவர். அந்த வீட்டில் பட்டாவில் ஏறிய முதல் பெயர் வேம்பு. வயல் மதகை ஒட்டி, மேற்கே. பழைய மதகின் அடி வயலைவிட அரை அடி தாழ்வு. புதியதின் அடி வயலைவிட அரை அடி உயரம்.

"நட்ட பயிரு அரையடிதான் சார் இருக்கும். மழைத் தண்ணி அரையடி நின்ன பொறவுதான் உங்க மதகுல ஏறும். அதுக்குள்ள பயிரு அழுவிப்போயிடும். ஒவ்வொரு வருஷமும்."

பக்கத்து மேசையிலிருந்த பரிதிக்குக் கோபம். "அது எப்படிங்க அரை அடின்னு கண்ணால பாத்துச் சொல்றீங்க?"

"கண்ணால இல்ல தம்பி." தோளிலிருந்த டியூபை இறக்கினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். உள்ளே தண்ணீர் ஊற்றினால் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். "இந்த முனையப் புடிங்க. அங்க போயி நில்லுங்க."

பரிதி ஒரு முனையோடு தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போனார். இந்தக் கோடியில் வேம்பு. அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது. வேம்பு தரையிலிருந்து விரலால் அளந்தார், பரிதியையும் அளக்கச் சொன்னார்.

"அந்தப் பக்கம் நாலு வெரக்கடை பள்ளம். அது என்ன ரூமு?"

"ரெக்கார்டு ரூம்."

"மழைக்குத் தண்ணி வருமே?"

வரும். ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும். கூரை ஒழுகுகிறது என்று மூன்று தடவை கூரையை மாற்றியிருக்கிறோம். மூன்றுக்கும் விலக்குக் குறிப்பு எழுதியவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேம்பு டியூபைச் சுருட்டினார்.

"வியாழக்கெழம காலையில ஏழு மணிக்கு மிக்ஸர் வருதாம் சார். அடிக்குக் கான்கிரீட் ஊத்தப் போறாங்க. ஊத்திட்டா அத ஒடைக்கிறதுக்கு ஒரு ஆய்வு கேப்பீங்க. அதுக்கு முன்ன ஏதாவது செய்யிங்க."

"பாக்குறேம்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே பழைய கோப்புத் தாள்களின் பின்பக்கத்தில் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

6

செவ்வாய்க்கிழமை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பயம் வந்தது. இது யாரையாவது பாதித்துவிட்டால்? கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது, அதில் என் பெயர் நான்காவது. முன்னெச்சரிக்கையாகக் கதைக்கும் ஒரு விலக்குப் படிவம் பூர்த்தி செய்துவைத்தேன்.

பணியின் பெயர்: சிறுகதை ஒன்று.

பணியிடம்: ஏற்கெனவே உள்ள கதைகளின் இடத்திலேயே, உள்ள அளவிலேயே, உள்ளவாறே.

பணியால் இடம்பெயர்வோர்: இல்லை. வாசகர் பாதியில் எழுந்து போனால் அது அவர் சொந்த விருப்பம்.

நீர்நிலைகளுக்குப் பாதிப்பு: கண்ணீர் வரம்புக்குள்.

வலசைப் பறவைகள்: முதல் தொடக்கத்தில் வருவதாக இருந்தது. நீக்கப்பட்டது.

முடிவுரை: குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை.

இதை எழுதி முடித்ததும் மனம் லேசானது. லேசாகியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றும்போது எரிச்சலாக இருக்கிறது.

7

முடிவுகள். ஒன்றுக்கு மூன்றாக வைத்திருக்கிறேன்.

முடிவு அ, பரிசு வாங்கக்கூடியது. கார்த்திகை மாதம். அழுகிய பயிர். வேம்பு வரப்பில் சிலைபோல் நிற்கிறாள். தூரத்தில் ஒற்றைக் கொக்கு. (கொக்கு எதற்கு? தெரியாது. எல்லாரும் வைக்கிறார்கள்.)

முடிவு ஆ, அரசு நாட்காட்டிக்கு உகந்தது. உயர் அதிகாரி ஜீப்பில் வருகிறார், காலணியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குகிறார், கண் கலங்குகிறார், "இந்த மண்ணின்—" (இவர் யார்? நான் அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. காலணியை யார் எடுத்துவருவது?)

முடிவு இ, எனக்குப் பிடித்தது. ஒப்பந்தக்காரர் ஜாஃபர் சாதிக் நல்ல மனிதர். வரைபடத்தைக் கண்டுகொள்ளாமல் ஒரு அடி இறக்கி ஊற்றிவிடுகிறார். காகிதத்தில் வாய்க்கால், மண்ணில் பழைய மதகு. யாரும் எதையும் திருத்தவில்லை, யார் பதவி உயர்வும் கெடவில்லை. சுபம்.

இது நடக்குமா என்று அவருக்கே போன் போட்டுக் கேட்டேன். கதைக்காகத்தான் கேட்கிறேன் என்றேன்.

"கதையில ஊத்துறதுக்கு என்ன சார், ஊத்துங்க" என்றார். "நெசத்துல என்னால ஆவாது. ஒரு வெரக்கடை எறக்கினாலும் அளந்து பாத்து, யாரு சொல்லி எறக்கினேன்னு கேப்பாங்க. நான் வாஞ்சிநாதன் சாரு கதையில சொன்னாருன்னா சொல்லுவேன்? எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தா பாதாளம் வரைக்கும் எறக்குறேன்."

"எழுதுறதுல சிக்கல் இருக்கு பாய்."

"தெரியும் சார். வேம்பக்கா இங்க வந்து நின்னுச்சு. பழைய மதகை எடுத்து, மண்ணப் போட்டு அடைச்சு வச்சிருக்கேன். ஆத்துல தண்ணி வர இன்னும் மூணு வாரந்தான். ஏழு மணி மிக்ஸர ஒம்போதுக்கு வரச் சொல்றேன். அதுக்கு மேல ஆளுங்க நிக்க மாட்டாங்க."

நல்ல மனிதர் என்று எழுதியது சரிதான். அவரால் கொடுக்க முடிந்தது இரண்டு மணி நேரம். கொடுத்துவிட்டார்.

8

புதன்கிழமை, மதியம். சாப்பிட்டுவிட்டு வந்தால் என் நாற்காலிக்கு எதிரே வேம்பு உட்கார்ந்து இந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு மேசையில் தாள் கிடந்தால் கை சும்மா இருக்காது.

"இது என்னையப் பத்தியா சார்?"

"உங்கள மாதிரி ஒருத்தரப் பத்தி."

"பேரு வேம்புன்னு போட்டிருக்கு. ஊரு தாழனூர்னு போட்டிருக்கு."

"மாத்திடலாம்."

"மாத்த வேணாம். 'வேம்பு அழுதாள்'னு போட்டிருக்கீங்களே, அத மாத்துங்க. நான் எங்க அழுதேன்? அதுவும் 'அழுதாள்'. எதுத்தாப்புல உக்காந்தா வாங்கம்மா, பேப்பர்ல அவ இவளா?"

(மாற்றிவிட்டேன். மேலே எல்லா இடத்திலும் இப்போது "அவர்". மூன்றாவது தொடக்கத்தையும் முடிவு அ-வையும் மட்டும் சாட்சிக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.)

தாள்களைத் தட்டி அடுக்கினார். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"நல்லாத்தான் இருக்கு சார். அந்தக் குளியலறை இடத்துல சிரிச்சேன். மொத்தம் எத்தனை பக்கம்?"

"பதினொண்ணு."

"திங்கக்கெழமையிலேருந்து பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்க. எங்க மதகுக்கு எத்தனை வரி எழுதணும்?"

"ரெண்டு."

அவர் அடுக்கிய தாள்களை என் பக்கம் நகர்த்தினார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை, விளக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முன் அப்படி வெட்கப்படுவேன் என்று நினைத்ததில்லை.

உடனே வீரம் வந்தது. கணினியைத் திறந்தேன். "ஒரு நிமிஷம்மா. வாய்க்கால்னு இருக்கறத வடிகால்னு மாத்திடறேன். எழுத்துப் பிழைன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. மதகு தாழ்ந்துடும், உங்க வயலுக்குப் பிரச்சினை தீந்துது."

சுட்டியை நகர்த்தினேன்.

"இருங்க சார். வடிகால்னு போட்டா மொறத் தண்ணி?"

"வடிகாலுக்கு மொறத் தண்ணி கெடையாது. பட்டியல்லேருந்து போயிடும்."

"அப்ப கீழூரு?"

வேம்பு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை நல்லவராகக் காட்ட நினைத்து இந்த இடத்தில் உடனே மறுத்தார் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உடனே மறுக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"சரின்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு சார்" என்றார் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா கீழூரு மருதையண்ணன் வயலு என் வயலுக்கு நேரு கெழக்க. போன வருஷம் எனக்கு நடவுக்கு ஆளு கெடைக்காம நாத்து முத்திப் போச்சு. அவரு வூட்டுலேருந்து ஏழு பேரு வந்து நட்டுக் குடுத்தாங்க. அவரு தண்ணிய வெட்டிட்டு நான் எந்த மொகத்தோட அந்தச் சாலையத் தாண்டுவேன்? இருந்தது இருந்தபடி கட்டுங்க சார். அதத்தான உங்க பேப்பர்லயும் எழுதியிருக்கீங்க."

9

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கடைசிக் கட்டம்: "குறிப்புரை, இருப்பின்." அதில் எப்போதும் "இல்லை" என்று தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட்டால் அடியில் இன்னொரு கட்டம் திறக்கும். "இக்குறிப்புரைக்குப் பொறுப்பேற்பவர் பெயர்." மற்ற பக்கங்களில் எல்லாம் "அலுவலகம்" என்று ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். இங்கே மட்டும் மனிதப் பெயர் கேட்பார்கள்.

எழுதினேன். இரண்டு வரி என்று சொல்லியிருந்தேன், மூன்றானது:

"இந்நீரோட்டம் மேலத்தாழனூருக்கு வடிகாலாகவும் கீழத்தாழனூருக்கு வாய்க்காலாகவும் உள்ளது. மதகின் அடி பழைய மட்டத்திலேயே அமைய வேண்டும்; பாசனப் பட்டியலில் மாற்றம் கூடாது. முன்பு அனுப்பிய விவரம் வேறோர் ஊரின் பதிவிலிருந்து இடத்தைப் பார்க்காமல் நகலெடுக்கப்பட்டது. நகலெடுத்தவர்: வாஞ்சிநாதன், உதவியாளர்."

கடைசி வாக்கியம் தேவையா என்று பரிதி கேட்டார். "அது இல்லாமலே போகும் சார். ப்ரொமோஷன் நேரம்." தேவையில்லைதான். ஆனால் அது இல்லாமல் போனால், முதலில் எழுதியது ஏன் தப்பு என்று மேலே கேட்பார்கள், நாங்கள் விளக்கம் எழுதுவோம், அதற்குள் வியாழன் போய்விடும். பரிதி ஒரு கணம் யோசித்துவிட்டு, "வரைபடம் போட்டவர்: பரிதி" என்று கீழே சேர்த்தார்.

இப்போது புதன்கிழமை மாலை ஐந்தே முக்கால். அச்செடுத்த தாள் என் பையில் இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட வேண்டியவர் செயற்பொறியாளர் ஸ்ரீவித்யா மேடம். சீர்காழிக்கு முகாம் போயிருக்கிறார், ஆறரை மணி ரயிலில் தஞ்சாவூர் திரும்புகிறார். நாளைக் காலையில் சென்னைக்குப் போய்விடுவார். ஆகவே நடைமேடையில் பிடிக்க வேண்டும். வேம்பு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் இந்தக் கடைசித் தாளை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மேடம் கையெழுத்துப் போடலாம். அல்லது, இரண்டு வகை நீரோட்டம் என்றால் இது விலக்குக்குள் வராதே, வேலையை நிறுத்துங்கள், முழு ஆய்வு என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல அவருக்கு முழு அதிகாரம் உண்டு. சொன்னால் ஒன்றரை வருடம், நாற்பத்தொரு கேள்வி. மூன்று வாரத்தில் ஆற்றில் தண்ணீர் வரும், மண் அடைப்பு அப்படியே இருக்கும், மருதையனுக்கு முறைத் தண்ணீர் போகாது, ஐப்பசியில் வேம்புவின் ஆறு மாவும் மூழ்கும். நான் உண்மையை எழுதியதாலேயே இருவரும் கெட்டுப்போகலாம். இதை வேம்புவிடம் சொன்னேன். "தெரியும் சார், ஏறுங்க" என்றார்.

ஒரு வயலையும் பார்க்காமல் "பாதிப்பு ஏதுமில்லை" என்று ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நிச்சயமாகத்தான் எழுதினேன். இந்த மூன்று வரியால் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிய பிறகும் அதை எடுத்து எடுத்துப் படிப்பது இதுதான் முதல் தடவை.

முடிவை உங்களிடம் விட்டுப் போகிறேன். அ, ஆ, இ மூன்றும் மேலே கிடக்கின்றன, வேண்டுமானால் நான்காவதாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஐப்பசி மழையில் ஒரு நடை தாழனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த ஊர் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன், ஆனால் அந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மதகும் அதற்கு மேற்கே ஒருத்தர் வயலும் இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதிய பின் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.